குப்பை எழுத்து வந்தால் போர்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை

"கடலூர் உப்புக்காற்றில் யூஎஸ்பி சிப் போய்விடும், சீரியல் மானிட்டரில் குப்பை எழுத்து வந்தால் பாண்டிச்சேரி போய்ப் புது போர்டு வாங்குங்கள்" என்று ஆர்டுயினோ போன்ற போர்டுகளை (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகைகள்) பற்றி மேலே ஒருவர் சொல்லியிருப்பது தவறு. சீரியல் மானிட்டர் என்பது போர்டு அனுப்பும் எழுத்தைக் கணினியில் காட்டும் ஜன்னல்; யூஎஸ்பி சிப் என்பது போர்டில் கணினியோடு பேசும் சிப். இதை நம்பி மாணவர்கள் காசை வீணாக்கக்கூடாது.

உப்புக்காற்று யூஎஸ்பி சாக்கெட்டை அரிக்கும், உண்மைதான். ஆனால் அப்போது கணினியின் போர்ட் பட்டியலில் இணைப்பு விட்டுவிட்டு மறையும், எழுத்து மாறாது. கணினிக்கும் சிப்புக்கும் இடையே யூஎஸ்பி ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டையும் சரிபார்க்கிறது, சிதைந்தது மறுபடி அனுப்பப்படுகிறது.

பெரும்பாலும் காரணம் பாட் ரேட்தான், அதாவது எழுத்துகளை அனுப்பும் வேகம்; அது இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கோடில் 115200, மானிட்டரில் 9600 என்று இருக்கும். 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ப்ரோ மினி என்ற ஆர்டுயினோ போர்டுக்கு 16 மெகாஹெர்ட்ஸ் என்று தேர்வு செய்து கோடை ஏற்றினால், 9600 என்று எழுதியது 4800ஆக வெளிவரும். ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள போர்டு ஆன் ஆனதும் வரும் சில வரிக் குப்பை பழுதே அல்ல, அது 74880 பாட் ரேட்டில் வரும் பூட் செய்தி (சிப் தொடங்கும்போது தானே அனுப்புவது).

சந்தேகம் தீரவில்லையா? உங்களுடையது ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டு என்றால் 0, 1 பின்களில் உள்ள மற்ற வயர்களைக் கழற்றுங்கள். ரீசெட் பின்னை கிரவுண்ட் (GND) பின்னோடு இணைத்து, 0, 1 பின்கள் இரண்டையும் ஒரு ஜம்பர் வயரால் சேர்த்து, மானிட்டரில் டைப் செய்து அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பினால் கேபிள், டிரைவர், யூஎஸ்பி சிப் மூன்றும் நலம். திரும்பாவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், சிப்பைப் பிறகு சந்தேகிக்கலாம்.