கூரையில்லாத அந்தத் தேவாலயமும் பிளேக்கும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள வார்ரம் பெர்சி தேவாலயத்தின் படத்தைப் போட்டு, 1349-இல் பிளேக்கால் ஊரே அழிந்து, அன்றிலிருந்தே இது பாழடைந்து கிடக்கிறது என்று பகிர்கிறீர்கள். படம் சரிதான், கதைதான் அப்படியில்லை.

பிளேக் அந்த ஊரையும் தாக்கியது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் ஏறக்குறைய 150 வருடம் அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள். உழுவதைவிட ஆடு மேய்த்துக் கம்பளி விற்றால் காசு என்று ஆனதும், 1500 வாக்கில்தான் மிச்சமிருந்த குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. ஊர் காலியான பிறகும் தேவாலயம் மூடப்படவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். பக்கத்து ஊரான திக்ஸன்டேல்காரர்கள், 1870 வாக்கில் தங்களுக்கென்று ஒரு தேவாலயம் கட்டிக்கொள்ளும் வரை, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி இங்கேதான் வந்து கும்பிட்டார்கள். வழக்கமான வழிபாடு நின்றது 1949-இல். கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது 1959-இல், அதாவது நம் தாத்தா பாட்டி காலத்தில்!

நம்பிக்கை வரவில்லையா? இந்த இடத்தைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் வரலாற்றுப் பக்கம் வரும், அங்கே இந்த ஆண்டுகளைப் பார்க்கலாம். அதுகூட வேண்டாம், தேவாலய வளாகத்தின் படங்களைக் கொஞ்சம் பெரிதாக்கி, அங்கிருக்கும் கல்லறைக் கற்களைப் பாருங்கள். 1349-இல் கைவிட்ட இடத்தில் 18, 19-ஆம் நூற்றாண்டுக் கல்லறை எப்படி வரும்?