எடுத்துக்க வேண்டியதுதானுங்களே!

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கடன் மேளாவில் மேடையேறியவர் பேசியதைப் பற்றித்தான். வீட்டுக்கு அரசு தரும் மூன்று உதவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட அவரது மூன்று கட்ட அட்டவணையை என் டைம்லைனில் மட்டும் ஏழு பேர் பகிர்ந்துவிட்டீர்கள். "அரசாங்கம் இத்தனை வழி குடுக்குது, எது லாபமோ அதை எடுத்துக்க வேண்டியதுதானுங்களே" என்று அவர் சொன்னதும் திருப்பூரே கைதட்டுகிறது.

எடுத்துக்கொள்ள இது என்ன கல்யாணப் பந்தியா?

பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-இல் வட்டி மானியம் நகரத்துக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். அதே திட்டத்தில் சொந்த இடத்தில் கட்ட 2.50 லட்சம் உண்டு. ஆனால் வருமானம் 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் 3.50 லட்சம் கிராமத்துக் குடிசைக்காரர்களுக்கு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு 'எது அதிகம் பாருங்கள்' என்றால் என்ன அர்த்தம்? மூன்று வரிசையிலும் நிற்கக்கூடிய ஒரே ஆளை எனக்குக் காட்டுங்கள். கூரை ஓலையா கான்கிரீட் தார்சா, ஊர் மாநகராட்சியா ஊராட்சியா, கையில் என்ன காகிதம் என்று பார்த்து அதிகாரிகளேதான் நம்மை ஒரு கட்டத்தில் உட்காரவைப்பார்கள். இல்லையென்றால் வெளியே.

வட்டி மானியமாக வரும் அந்த 1.80 லட்சத்தையும் பார்த்துவிடுவோம். அதுதான் உச்சம், அதுவும் ஐந்து வருஷத் தவணையில். மாதத்துக்கு 3,000. 25 லட்சத்தை 8.5 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு வாங்கினால் தவணை 21,700 கிட்ட. மூவாயிரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் வீட்டுப் பால் கணக்குக்கு ஆகும். பழைய திட்டத்தில் 2.67 லட்சம் வரைக்கும் ஒரே தடவையில் கடன் கணக்கில் வரவு வைத்தார்கள். அது 2022 மார்ச்சோடு முடிந்தது. 'அப்போது எங்கே போயிருந்தாய்?' கொரோனாவுக்கு அப்புறம் தையல் டேபிளை மறுபடி ஓட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் நாலு பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷின், வைத்திருப்பவன். சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் போட்டது போக மிச்சம்தான் என் வருமானம். அதற்கு ஏது சம்பள சிலிப்? 'ஐ.டி. ரிட்டர்ன் போட வேண்டியதுதானே' என்று கமெண்டில் வருவீர்கள். சரி, அது என் தப்புதான். மூன்று வருஷமாகப் போடுகிறேன். 'உழைத்து வாங்கு, மானியம் எதற்கு' என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, நாளைக்கு டெலிவரி இருக்கிறது.

அந்த ரிட்டர்ன்களோடு போன வைகாசியில் மானியத்தோடு கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். எல்லாம் சரியாகத்தான் போனது. 'இந்தியாவில் எங்கும் எனக்குப் பக்கா வீடு (நிலையான கட்டட வீடு) இல்லை' என்று மானியத்துக்குத் தர வேண்டிய உறுதிமொழியில் நான் கையெழுத்துப் போடக் குனிந்தபோது வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, ஊருல நம்ம கிழக்கு அறை?" என்று கேட்டுவிட்டாள். மேலாளர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடி போட்டு, தன் பையில் செருகிக்கொண்டார்.

பாகப்பிரிவினையில் அந்தத் தார்சு வீட்டின் ஓர் அறை என் பேருக்கு வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு. அதில் அண்ணன் தவிட்டு மூட்டையும் ஓடாத மோட்டாரும் போட்டிருக்கிறார். கட்டில் போட இடமில்லை. ஆனால் கணக்குப்படி நான் வீட்டுக்காரன். பதினோரு வருஷமாக வாடகை கொடுக்கும் வீட்டுக்காரன்! அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைத்தானே கேட்டாள். பஸ்ஸில் வரும்போது பல்லடம் தாண்டும்வரை அவளும் பேசவில்லை.

"அண்ணன் பேருக்கு உன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துரு மாப்ளே, முடிஞ்சுது" என்று நேற்று ஒருவர் இன்பாக்ஸில் யோசனை சொன்னார். எழுதலாம். ஆனால் பாகப்பிரிவினை அன்று பத்திர ஆபீஸில் கை நடுங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா, "உனக்கும் ஊருல ஒரு கூரை இருக்கட்டும் சாமி" என்றார். அதை விட்டால் மாதம் மூவாயிரம்.

அடுத்த ஞாயிறு ஈரோட்டில் மேளாவாம். போகிறவர்கள் அவரிடம் கேளுங்கள், இதில் எது லாபம் என்று.