ஸ்ட்ராப் மாற்ற விடாத வாட்ச்

டயலைச் சுற்றிய உடலும் செயினும் ஒன்றாகவே இணைந்து வரும் வாட்ச் அழகுதான், மறுக்கவில்லை. வாட்ச் டிசைனர் ஜெரால்ட் ஜென்டா இப்படி வரைந்த 1972 ராயல் ஓக், 1976 நாட்டிலஸ் என்ற இரண்டு மாடல்களும் இன்றும் சலிக்கவில்லை. சரி, ஸ்ட்ராப் மாற்றணுமே? சாதாரண வாட்ச் என்றால் 20 மில்லிமீட்டர் அகல ஸ்ட்ராப்பை எந்தக் கடையிலும் வாங்கி மாட்டிவிடலாம். இதற்கு பெரும்பாலும் அந்தக் கம்பெனி கொடுப்பதுதான், அவர்கள் சொல்வதுதான் விலை. மாடலையே நிறுத்திவிட்டால்? ஒரு கண்ணி உடைந்ததற்காக, நன்றாக ஓடுகிற வாட்ச்சை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டுமா? வெயிலில் கை வீங்கினால் இறுக்குகிறது, குளிரில் தொளதொளக்கிறது, கொஞ்சம் தளர்த்தலாம் என்றால் பல மாடல்களில் அதற்கு வழியே இல்லை. ஒல்லியான கைக்காரர்கள் பாடு இன்னும் மோசம், முதல் கண்ணி வளையாமல் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். இவ்வளவு காசு வாங்குகிறவர்களுக்கு, எல்லா ஸ்ட்ராப்பும் பொருந்துகிற மாதிரி செய்ய அப்படி என்னதான் கஷ்டம்?