மருந்து தொடங்கி மூன்றாம் வாரத்துக் கொப்புளம் அம்மாள்தானா?

“மருந்து ஒவ்வாமை என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும், பிறகு வருவது அம்மாள் வருத்தம் (சின்னம்மை), வேப்பிலை போதும்” என்று திருகோணமலையில் வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு தவறு.

வலிப்புக்கான கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினோல் போன்றவை சிலருக்கு, பெரும்பாலும் தொடங்கிய 4 முதல் 28 நாட்களுக்குள், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடும் மருந்து ஒவ்வாமை நோயைக் கிளப்பும். அம்மாளில் தோல் அரிக்கும். இதில் எரியும், தொட்டாலே நோகும். காய்ச்சல், சிவந்த கண், கஞ்சிகூட விழுங்கவிடாத வாய்ப்புண், விரல் பட்டால் ஈரக் கடதாசிபோல் உரியும் தோல். அதன்மேல் வேப்பிலையால் தடவுவது (பாட்டிமார் மன்னிக்கட்டும்) புண்ணைக் கிழிப்பதுதான்.

அடுத்த குளிசையை விழுங்காமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மருந்து உறையையும் எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்குப் போலவே திரவமேற்றி, புண்ணையும் கண்ணையும் பார்ப்பார்கள். வலிப்புக்கு மாற்று மருந்தை வைத்தியரே தருவார். பழையதை மறுபடி தொடக்கூடாது.