நொட்டாங்கை வாள்

சென்ற மாதம் ஒரு நண்பர், தாம் எழுதிவரும் மாயாஜாலத் தொடர்கதையின் முதல் ஏழு அத்தியாயங்களை அனுப்பிக் கருத்துக் கேட்டார். கதையின் நாயகி இடக்கையால் வாள் பிடிப்பவள் என்பது முதல் பக்கத்திலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் அவள் பதினொரு பேரை வெட்டி வீழ்த்துகிறாள். ஆனால் அவள் உறையை எந்த இடுப்பில் கட்டியிருந்தாள், கேடயத்தை எந்தக் கையில் ஏந்தினாள், அவளுக்கு வாள் சொல்லிக்கொடுத்தவர் எந்தக் கைக்காரர் என்ற பேச்சே ஏழு அத்தியாயங்களிலும் இல்லை. "இடக்கை என்பதை எடுத்துவிட்டு மச்சம் என்று போட்டாலும் கதை அப்படியே ஓடும்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. சொன்னதற்குக் காரணத்தை விரிவாக எழுதித் தருகிறேன் என்று அன்று வாக்குக் கொடுத்தேன். அவர் சம்மதத்துடன் அதை இங்கேயே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நான் பிறவியில் நொட்டாங்கை. பெங்களூர் அல்சூரில் எங்கள் பழைய வீட்டின் கூடத்தில், சோறு போட்டதும் ஆயா என் இடக்கையைத் தன் முந்தானை நுனியால் சுற்றிப் பிடித்துக்கொள்வார். "சோத்தாங்கையால சாப்புடுடி, நாளைக்குப் போற எடத்துல என்னைத்தான் பேசுவாங்க" என்பார். இரண்டு வருடத்தில் பழக்கம் மாறிவிட்டது. இன்று எழுதுவதும் உண்பதும் வலக்கையால்தான். காய் நறுக்கக் கத்தியை எடுத்தால் மட்டும் அது தானாக இடக்கைக்குப் போய்விடும். என் மகளும் இடக்கைதான், அவள் கையை யாரும் கட்டவில்லை. 2021இல் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து அவள் ஓயாமல் கேட்டதால், பெங்களூரிலேயே ஒரு வாள்வீச்சு வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

முதல் நாள் பயிற்சியாளர் ஒரு பழைய இரும்புப் பெட்டியைத் திறந்து உடுப்புகளை எடுத்துப் போட்டார். வாள்வீச்சு உடுப்பின் இணைப்பு, வாள் பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி; எதிராளியின் பக்கம் திரும்பி நிற்கும் விலாவில் ஜிப் இருந்தால் வாள்முனை அதில் புகுந்துவிடக்கூடும். ஆகவே வலக்கைக்காரர் உடுப்பை இடக்கைக்காரருக்கு மாட்டிவிட முடியாது. பெட்டியில் இருந்த உடுப்புகள் அத்தனையும் வலக்கைக்கானவை. விரல்கள் பதிய வார்த்த வாள்பிடிகளும் அப்படியே. இடக்கையில் பிடித்தால் மேடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் வருகிறது. அடியில் இடக்கைக்கான ஒரே ஒரு கையுறை கிடைத்தது, பூஞ்சைக் காளான் பிடித்து. சரியான உருப்படிகள் வந்து சேர மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை அவள் வெறுங்கையோடு காலடிப் பயிற்சி மட்டும் செய்தாள். நண்பரின் நாயகி எந்தக் கொல்லனிடம் வாள் வாங்கினாள் என்று நான் கேட்டது இந்த அனுபவத்தால்தான்.

சரி, இடக்கையால் உண்மையிலேயே அனுகூலம் உண்டா? உண்டு. ஆனால் அது கையில் இருப்பதாகக் கதாசிரியர்கள் நினைக்கிறார்கள். அது இருப்பது எண்ணிக்கையில். வலக்கைக்காரர் இருவர் வாளும் கேடயமுமாக நின்றால் ஒருவர் வாள் மற்றவர் கேடயத்தை நோக்கி இருக்கும். ஒருவர் இடக்கைக்காரரானால் வாளுக்கு நேரே வாளும் கேடயத்துக்கு நேரே கேடயமும் வருகின்றன. இருவருக்குமே கேடயமில்லாத பக்கம் திறந்துகிடக்கிறது. ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான், பழக்கம்தான் வேறு. மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் இடக்கைக்காரர்கள் என்பதால், 20 பேர் கொண்ட ஒரு வகுப்பில் இருவர் அப்படி இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை மோதினால், வலக்கைக்காரர் ஒருவருடைய 19 ஆட்டங்களில் இரண்டில்தான் எதிரே இடக்கை நிற்கும். இடக்கைக்காரருக்கோ 19இல் 18 ஆட்டங்கள் வலக்கையோடு. அவர் எதிராளியை நன்றாக அறிந்திருக்கிறார், எதிராளி அவரை அறியவில்லை. இருக்கிற வித்தை அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஒரு தகப்பனார் மிலான் நகரில் இருந்தார். ஜுசெப்பே மாஞ்சரோத்தி வாள்வீச்சு ஆசான். தம் மகன் எடோர்தோ பிறவி வலக்கைக்காரனாக இருந்தும், எதிராளிகளுக்குச் சங்கடமாக இருக்கட்டும் என்றே அவனை இடக்கைக்கு மாற்றினார். அந்த மகன் 1936 முதல் 1960 வரை ஒலிம்பிக்கில் 6 தங்கம் உட்பட 13 பதக்கங்களை வென்றார். இதைப் படித்த அன்று எனக்கு ஆயாவின் முந்தானை நினைவுக்கு வந்தது. இருவரும் பிள்ளையின் நன்மைக்காகத்தான் கையை மாற்றினார்கள். ஆயா என்னைக் கூட்டத்தோடு சேர்க்க நினைத்தார், ஜுசெப்பே தம் மகனைக் கூட்டத்திலிருந்து பிரிக்க நினைத்தார்.

கையைக் கட்டுவது மிகப் பழைய சங்கதி. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் வரும் ஏகூத், ஒரு முழ நீளமுள்ள இருபுறமும் கூரான வாளை வலது தொடையில் ஆடைக்குள் கட்டிக்கொண்டு மோவாப் அரசன் எக்லோனிடம் போய், தனியறையில் இடக்கையால் அதை உருவி அவன் வயிற்றில் பிடியும் புதையச் செலுத்துகிறான். இடக்கை கதைக்குள் வேலை செய்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. வலக்கைக்காரனின் வாள் இடது இடுப்பில்தான் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதுதான் அவனுக்குக் கிடைத்த கேடயம். அவன் பென்யமீன் குலத்தவன், பென்யமீன் என்றாலோ 'வலக்கையின் மகன்' என்று பொருள். எபிரேய மூலத்தில் அவனுக்குரிய தொடர், வலக்கை கட்டப்பட்டவன் என்ற பொருளைத் தருவது. அதே நூலில் பின்னால், மயிரிழைக்கும் குறிதவறாமல் கவண் எறியும் 700 இடக்கைப் பென்யமீனியர் வருகிறார்கள். வேறொரு நூலில் அக்குலத்தார் இரு கைகளாலும் கல்லும் அம்பும் எய்தவர்கள் எனப்படுகிறார்கள். வலக்கையைக் கட்டிவைத்து இடக்கையைப் பழக்கியிருப்பார்களோ என்று அறிஞர் சிலர் எண்ணுவதில் வியப்பில்லை. மாஞ்சரோத்தி வீட்டுக்கு மூவாயிரம் ஆண்டு முன்னோடி!

ஆனாலும் உறையைப் பார்த்துக் கையைச் சொல்லிவிட முடியும் என்று நண்பர் எண்ணிவிடக் கூடாது. ரோமப் படையின் சாதாரணக் காலாட்கள் வலக்கையால் வாள் வீசியவர்கள்தான். இருந்தும் தங்கள் குட்டைவாளை வலது இடுப்பில்தான் தொங்கவிட்டார்கள். இடக்கையில் பெரிய கேடயம் இருக்கையில் குறுக்கே கையை நீட்டி உருவுவது இடைஞ்சல். அவர்களுடைய நூற்றுவர் தலைவர்களோ இடது இடுப்பில் அணிந்தார்கள். ஆயுதத்தின் நீளம், கேடயத்தின் அகலம், பக்கத்தில் நிற்பவனுக்கு எவ்வளவு இடம் என்பதையெல்லாம் யோசித்த பிறகுதான் இடுப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

பக்கத்தில் நிற்பவன் என்றதும் படையணிக்கு வருகிறேன். அங்கேதான் இடக்கைக்காரரின் கதை முடிந்துபோகிறது. கிரேக்கக் காலாட்கள் தோளோடு தோள் உரச, இடக்கையில் கேடயம் ஏந்தி அணிவகுத்தார்கள். கி.மு. 418இல் நடந்த மாந்தினேயா போரைப் பற்றி எழுதும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் ஒரு நுட்பமான செய்தியைச் சொல்கிறார்: ஒவ்வொருவனும் தன் மறைப்பற்ற வலப்பக்கத்தை அடுத்தவன் கேடயத்துக்குள் ஒதுக்கிக்கொள்ளப் பார்ப்பதால், முன்னேறும் படை முழுவதுமே வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். அந்த வரிசையின் நடுவே கேடயத்தை வலக்கைக்கு மாற்றிய ஒருவனை நிறுத்திப் பாருங்கள். அவனுக்கு இடப்பக்கம் நிற்பவனின் வலது விலாவை மறைக்க ஆளில்லை; அவனுடைய கேடயமோ அடுத்தவன் கேடயத்தோடு முட்டிக்கொள்கிறது. எந்தப் படைத்தலைவன் இதைப் பொறுப்பான்? ஜப்பானிய வாள் மரபிலும் கை முடிவு செய்யப்பட்டுவிட்ட ஒன்று. வாள் இடது இடுப்பில், பிடியில் வலக்கை முன்னே, இடக்கை பின்னே, பிறவிப் பழக்கம் எதுவாயினும். ஆகவே நண்பரின் நாயகி அரசியின் காவற்படையில் வரிசையில் நின்று போரிடுவதாக எழுதப்பட்டிருக்கும் நான்காம் அத்தியாயம், என் பார்வையில், நடக்கவே முடியாதது. அவள் தனியாள் சண்டைக்குரியவள்.

தனியாள் சண்டையில் வரலாறும் சாட்சி சொல்கிறது. ரோம அரங்குகளில் ஆயுதமேந்தி மோதிய மல்லர்களில் இடக்கைக்காரர்களைக் கல்வெட்டுகள் தனியே குறிப்பிடுகின்றன. பேரரசன் கொம்மோதுஸ், தான் இடக்கையால் சண்டையிடுவதில் அபார பெருமை கொண்டிருந்தான் என்று அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ எழுதிவைத்திருக்கிறார். அவனுக்கு எதிரே நின்றவரிடம் வெறும் கோல்தான் கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை. பதினான்காம் நூற்றாண்டு ஜெர்மானிய ஆசான் லீஷ்டனாவர், வலக்கைக்காரனே, இடப்பக்கத்திலிருந்து முதல் வெட்டைத் தொடங்காதே, இடக்கைக்காரனே, வலப்பக்கத்தில் நீ மிகவும் நொண்டுவாய் என்ற பொருளில் செய்யுள் கட்டிச் சொல்லியிருக்கிறார். அவரிடம் மந்திரம் எதுவும் இல்லை, அவரவர் பலவீனம் எங்கே என்பது மட்டும்தான். நம் பக்கத்தில் அர்ச்சுனனுக்குச் சவ்யசாசி என்று பெயர். சவ்யம் இடக்கை, இடக்கையாலும் வில்லை வளைப்பவன். அவனும் இடக்கைக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. வலக்கையால் முடிந்தது இடக்கையாலும் முடிந்தது என்பதற்குத்தான் அந்தப் பெயர்.

சிற்பங்களையும் படங்களையும் ஆதாரமாக எடுப்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. பெங்களூரின் பெயரையே ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சொல்லும் கல்வெட்டு இருக்கிற பேகூர் கோயிலுக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்தில் இருக்கும் பேகூர் நடுகல்லையும் பார்த்தோம். நான் பார்த்த நடுகற்களில் வாள் பெரும்பாலும் வலக்கையில்தான். செத்தவன் இடக்கைக்காரனாகவே இருந்திருந்தாலும் கல்தச்சன் வழக்கப்படிதான் செதுக்கியிருப்பான். மாறாக, எதிரெதிரே நிற்கும் இருவரின் மார்பும் தெரியவேண்டும் என்று விரும்பும் சிற்பி ஒருவனை இடக்கைக்காரனாக்கிவிடவும் கூடும். அமெரிக்கத் துப்பாக்கிக்காரன் பில்லி தி கிட் இடக்கைக்காரன் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அதற்கு ஆதாரம் தகரத் தகட்டில் எடுத்த அவனுடைய புகைப்படம். அந்தக் காலத்துத் தகரப் படம் கண்ணாடி போல இடவலம் மாறிப் பதிவது. கையிலிருந்த வின்செஸ்டர் துப்பாக்கியில் குண்டு போடும் வாய் வலப்பக்கம் இருக்கவேண்டியது படத்தில் இடப்பக்கம் இருந்ததை வைத்துத்தான் உண்மை புலப்பட்டது.

கோட்டைப் படிக்கட்டுக் கதையையும் நண்பர் விடவில்லை. வலஞ்சுழியாக ஏறும் படிகளில் மேலிருந்து காப்பவனின் வலக்கைக்கு இடம் கிடைக்கும், ஏறிவருபவனின் கை சுவரில் இடிக்கும். ஸ்காட்லாந்து எல்லையில் வாழ்ந்த கெர் குடும்பத்தார் இடக்கைக்காரர்கள் ஆதலால் தங்கள் கோட்டையில் படிகளை இடஞ்சுழியாகக் கட்டினார்கள் என்பது கதை. கேட்க இனிக்கிறது. ஆனால் எந்த இடக்கைக்காரரும் இல்லாத கோட்டைகளிலும் இடஞ்சுழிப் படிகள் உண்டு. பகைவன் உள்மாடிப்படி வரை வந்துவிட்டான் என்றால் கோட்டை ஏற்கெனவே போய்விட்டது. இதைக் கதையில் வைப்பதானால் ஒரு பாத்திரம் பெருமையடித்துக்கொள்ளும் பேச்சாக வைக்கலாம்.

அறிவியலிலும் இனிப்பான கதை ஒன்று உண்டு. சண்டை மிகுந்த சமூகங்களில் இடக்கைக்காரர் பிழைத்துப் பெருகியிருப்பார்கள் என்று 2005இல் ஃபோரி, ரேமோன் என்ற ஆய்வாளர் இருவர் வாதிட்டனர். கொலை குறைந்த மேற்கு ஆப்பிரிக்க ஜூலா மக்களிடையே 3.4 விழுக்காடு, கொலை மிகுந்த அமேசான் காட்டு யனோமாமியரிடையே 22.6 விழுக்காடு என்பது அவர்கள் காட்டிய அளவு. 2012இல் நியூகினித் தீவின் பாப்புவா மலைநாட்டு ஐப்போ மக்களை அளந்தவர்களுக்கு அந்த வாதத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை குறைவு. இடக்கைக்காரர்கள் பெருகப் பெருக எதிராளிகளும் பழகிவிடுவார்களே.

கதைகளில் இதைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 'தி பிரின்சஸ் பிரைட்' நாவலில் மலையுச்சியில் மோதும் இருவரும் வலக்கையை ஒளித்துவைத்து இடக்கையால் தொடங்குகிறார்கள். பழக்கமின்மையையே பகடையாக உருட்டும் விளையாட்டு அது. ஜார்ஜ் மார்ட்டினின் நாவல்களில் வரும் வாள்வீரன் ஜெய்மி லானிஸ்டர் வலக்கையை இழந்தபின் இடக்கையால் வாள் பழகி, இரவுதோறும் ஊமை ஒருவனிடம் அடிவாங்கிக்கொண்டே இருக்கிறான். பல கதைகளில் கை போனவன் அடுத்த அத்தியாயத்திலேயே இன்னொரு கையால் வென்றுவிடுகிறான். இங்கே உடம்புக்கு உரிய தாமதம் இருக்கிறது. 'செல்டா' வீடியோ விளையாட்டின் நாயகன் லிங்க் நெடுங்காலம் இடக்கைக்காரன். 2006இல் கைக்கருவியை வாளாக வீசி ஆடும் பதிப்பு வந்தபோது, ஆடுபவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள் என்பதால் லிங்கை மட்டுமின்றி அவன் உலகத்தையே கண்ணாடி போல் இடவலம் திருப்பிவிட்டார்கள். என் ஆயாவாலும் அவ்வளவு செய்ய முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முதல் போட்டி. தொடக்கச் சுற்று, ஐந்து தொடுகைக்கு ஒரு ஆட்டம். முதல் மூன்று பேரும் வலக்கைப் பெண்கள். மூவரும் அவள் வாளை வழக்கமான பக்கத்தில் தேடித் தேடி ஏமாந்தார்கள், அவளும் மூன்றையும் வென்றாள். நான்காவதாக மைசூரிலிருந்து வந்திருந்த ஒரு சிறுமி, உயரத்தில் இவள் தோளளவுதான், முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, இடக்கையால் வாளை உயர்த்தி வணக்கம் வைத்தாள். ஆட்டம் இரண்டுக்கு ஐந்தில் முடிந்தது. மகள் வியர்வையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள்.

"அந்தக் கை எங்கேருந்து வருதுன்னே தெரியலம்மா" என்றாள்.