கண்டுபிடித்தவர் லைஷ்னர் அல்ல
மேடை ஒப்பனைக்கான கிரீஸ் பெயின்ட்டை, அதாவது கொழுப்பில் குழைத்த வண்ணப்பூச்சை, லுட்விக் லைஷ்னர்தான் கண்டுபிடித்தார் என்று அவரைப் பற்றிய கட்டுரை ஒன்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது, அது சரியாகப் படவில்லை. அவருக்கு முன்பே ஜெர்மனியின் லைப்சிக் நகர நாடக நடிகர் கார்ல் பவ்டின், விக் நெற்றியில் முடியும் கோடு தெரியாமலிருக்க, துத்தநாக வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு நிறமியான சாதிலிங்கம் மூன்றையும் பன்றிக் கொழுப்பில் குழைத்துப் பூசிவிட்டார். லைஷ்னரின் சாமர்த்தியம் வேறு. ஓபரா பாடகராக இருந்தவர் என்பதால், ஈயம் கலந்த வெள்ளைப்பூச்சு நடிகர்களின் தோலை என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியும். 1873இல் பெர்லினில் கம்பெனி தொடங்கி, ஈயமில்லாத கலவையைக் குச்சியாக வார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர் போட்டு விற்றார். என்னைக் கேட்டால் அந்த நம்பர்தான் பெரிய விஷயம். இங்கிலாந்து நடிகர்கள் வெளிறிய 5, செங்கல் சிவப்பு 9 இரண்டையும் முகத்தில் கோடு கோடாக இழுத்து, விரலால் தேய்த்துக் கலப்பதைத் தலைமுறைகளாகச் செய்தார்கள். நிறத்தை விளக்கவே வேண்டாம், நம்பரைச் சொன்னால் போதும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் லைஷ்னரை 'வெறும் வியாபாரி' என்று எழுதியிருக்கிறார். வியாபாரிதான், சரி. ஆனால் பெர்லின் டியர்கார்டன் பூங்காவில் 1903இல் திறக்கப்பட்ட, ஓபரா இசையமைப்பாளர் வாக்னரின் சிலைக்கு முன்னின்று பாடுபட்டவரும் இவரே. அந்த விழாவை வாக்னரின் மனைவி கோசிமா புறக்கணித்தது தனிக்கதை.