வேன் நிற்காத இடம்

எங்கள் வீட்டில் சயாம் என்றால் தாய்லாந்து கிடையாது. கடைக்கு அனுப்பிய பையன் அரை மணி நேரமாகியும் வரவில்லையென்றால் பாட்டி வாசலில் நின்றுகொண்டு, "எங்கடா போனான், சயாமுக்கா?" என்று கத்துவார். ஏதோ தூரத்து ஊர் என்று நினைத்துக்கொண்டு நாங்களும் சிரிப்போம். பாட்டியின் பெரியண்ணன் 1943-இல், ஜப்பான்காரன் ரயில் போட ஆள் பிடித்தபோது, மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து போனவர் என்பதும், போனவர் போனவர்தான் என்பதும் பாட்டி இறந்த வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் பேங்காக் போயிருந்தேன். உடன் வந்தவர்கள் ஷாப்பிங் கிளம்பிய நாளில் நான் மட்டும் அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரிக்கு ஒருநாள் சுற்றுலாவில் பெயர் கொடுத்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. பத்து நிறுவனங்களின் அட்டவணையையும் பார்த்தேன், எல்லாம் ஒரே அச்சுதான். காலை ஆறு மணிக்கு ஹோட்டல் வாசலில் வேன். போர்க் கல்லறைக்கு 20 நிமிடம், ஒரு மியூசியம், பாலம், பஃபே சாப்பாடு, மரப்பாலத்தின் மேல் ரயில் சவாரி, ரயிலுக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ், இருட்டுவதற்குள் திரும்பி பேங்காக். கூடுதல் பணம் கட்டினால் யானைக் குளியலும் உண்டு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1942-இல் சிங்கப்பூரையும் பர்மாவையும் பிடித்த ஜப்பான் ராணுவத்துக்கு பர்மா முனைக்குத் தளவாடம் அனுப்ப ஒரு தரைவழி வேண்டியிருந்தது. கடலில் போனால் நேசநாட்டு நீர்மூழ்கிகள் அடித்தன. அதனால் தாய்லாந்திலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை, காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சேர்ந்துவிட்டன. வேலை செய்தவர்களில் 60,000-க்கும் மேற்பட்டோர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள். அவர்களில் 12,000-க்கு மேல் செத்தார்கள். மலாயா, பர்மா, ஜாவா என்று பல இடங்களிலிருந்து கொண்டுவந்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவுக்கு இருப்பார்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். முன்னது கணக்கு, பின்னது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்துத் தமிழர்கள்.

வேனில் ஒன்பது பேர். வழிகாட்டி ஒரு தாய்லாந்துப் பெண், நாற்பது வயது இருக்கும், நல்ல ஆங்கிலம், நல்ல நகைச்சுவை. பாலத்துக்குக் கீழே ஓடும் ஆற்றை நாம் 'குவாய்' என்று இழுத்துச் சொன்னால் தாய் மொழியில் எருமை என்று அர்த்தமாம், 'குவே' என்று சொன்னால்தான் ஆறாம். அதைவிட வேடிக்கை, பாலம் கட்டியபோது அந்த இடத்தில் ஓடிய ஆற்றுக்கே அந்தப் பெயர் இல்லை. அது மேக்லாங். 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரர்கள் வந்து "குவாய் எங்கே, குவாய் எங்கே" என்று கேட்கத் தொடங்க, அரசாங்கம் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது. அந்தப் படத்தை எடுத்தது தாய்லாந்தில்கூட இல்லை, இலங்கையில், களனி ஆற்றங்கரையில் கித்துல்கலவில். கேட்டதற்காக ஆற்றின் பெயரை மாற்றியதை நினைவில் வையுங்கள், பிறகு இங்கேதான் வரப்போகிறேன்.

கல்லறை முதலில். 6,982 பேர். புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள். முழங்கால் உயரம்கூட வராத கற்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. 24, 22, 31, 23. சில தகடுகளில் வீட்டார் கொடுத்த ஒரு வரி. ஒன்றின் மேல் கை வைத்தேன், எட்டரை மணி வெயிலுக்கே சுட்டது. நியேக்கே முகாமில் 1943 மே, ஜூனில் வாந்திபேதியில் செத்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது. அவர்கள் பெயரையும் விடவில்லை, நுழைவாயில் மண்டபத்தில் பொறித்திருக்கிறார்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேருக்கும் அங்கே பெயர்ப் பலகை உண்டு. தாய்லாந்தில் முஸ்லிம் மையவாடிகளில் புதைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. கல்லறைக்கு முன் நின்று பொறாமைப்படுவது நல்ல குணம் இல்லைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், 13 பேர் கொண்ட ஒரு குழு இந்தப் பாதை நெடுகப் போய்ப் புதைகுழிகளைத் தேடியது. 144 இடங்களில் 10,549 குழிகளைக் கண்டுபிடித்தார்கள். கிடைக்காமல் போனவை 52 மட்டும். எப்படி முடிந்தது? கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். யார் செத்தார், எங்கே புதைத்தோம் என்று ஜப்பான்காரன் கண்ணில் படாமல் எழுதி, ஒளித்து வைத்தார்கள்.

நம்மவர்களோடு யார் இருந்தார்கள்? ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியாக ஒரு தண்டல் இருந்திருப்பார், அவரும் அடுத்த மாதம் செத்திருப்பார். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம் என்று சொல்லித்தான் தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். வராதவர்களை வளைத்துப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகையில் உட்காரவைத்து, கதவைப் பூட்டி, அப்படியே லாரியில் ஏற்றிய கதையை மலேசியாவில் வயதானவர்கள் நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண்டாட்டி பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. மழை பிடித்து, வாந்திபேதி பரவியபோது கைதிகள் முகாமில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று அதட்ட ஒரு டாக்டர் இருந்தார். பக்கத்திலிருந்த தமிழாள் முகாமில் அதைச் சொல்ல ஆள் இல்லை. சாவு எண்ணிக்கையில் உள்ள வித்தியாசத்துக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இருபது நிமிடம் முடிந்து எல்லோரும் வேனுக்குத் திரும்பும்போது ஒரு டச்சுக்காரர் மட்டும் வரவில்லை. எழுபது தாண்டியவர். கையில் வீட்டிலிருந்து அச்செடுத்துக்கொண்டு வந்த தாள், அதில் பிளாட், வரிசை, எண். அப்பாவின் அண்ணனாம். எண்ணைக் கண்டுபிடிப்பதற்கே நேரம் போய்விட்டது, இன்னும் பத்து நிமிடம் தரமுடியுமா என்று வழிகாட்டியிடம் கேட்டார். அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பதினைந்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள், மியூசியத்தில் குறைத்துக்கொள்ளலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டால் கிடைக்கிறது!

நானும் கேட்டேன். பக்கத்தில் வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில் இருக்கிறதே, போய்விட்டு வரட்டுமா என்று. அவருக்கு ஆச்சரியம். "அங்கே யாரும் கேட்டதில்லையே, அங்கே என்ன?" என்றார். கல்லறையிலிருந்து நடக்கிற தூரம்தான். இடையில் ஒரு சீனக் கல்லறைத் தோட்டம். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைப் பின்னாளில் சேர்த்து வைத்து ஒரு நினைவுத் தூபி எழுப்பியது அந்தக் கோயிலில்தான். 2023-இல் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் தமிழர்களுக்கு ஒரு நடுகல்லும் நட்டார்கள். செத்தவனுக்குக் கல் நடுவது நமக்குச் சங்ககாலப் பழக்கம். இவர்களுக்கு மட்டும் நடுவதற்கு 80 வருடம் ஆகியிருக்கிறது.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஆள் இல்லை. யாரோ எப்போதோ போட்ட சாமந்தி மாலை காய்ந்து, நார் மட்டும் தொங்கியது. ஒரு நாய் நிழலுக்காகப் படுத்திருந்தது, என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. பூ வாங்கி வரத் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கல்லடியில் கொஞ்சம் ஊற்றினேன். சடங்கா என்று கேட்டால் தெரியாது. கொதிக்கவைத்த தண்ணீர்.

அப்புறம் மியூசியம். ஒரு புத்த மடத்துக்குள் 1977-இல் தொடங்கியது, மூங்கில் குடிசை முகாம் மாதிரி கட்டியிருக்கிறார்கள். பெயர் ஜீத். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளாம். இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் எழுத்து இல்லை. கல்லறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் இதைவிட எவ்வளவோ மேல், அங்கே ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒழுங்காகச் சொல்கிறார்கள். எங்கள் டிக்கெட்டில் அது சேராது.

பாலத்தில் கூட்டம். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பழையவை, நடுவில் கட்டம்கட்டமாக இருக்கும் இரண்டும் குண்டு வீச்சுக்குப் பிறகு வைத்தவை. இரண்டு பக்கமும் பழச்சாறு, டீ-ஷர்ட். கொஞ்சம் தள்ளி ஜப்பான் ராணுவமே 1944-இல் எழுப்பிய ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் கல்வெட்டுகளில் ஒன்று தமிழில். ஆமாம், தமிழில். கொன்றவன் வைத்த கல்லில் நம் எழுத்து ஏறியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு என் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரயில் சவாரி அழகு, அழகாக இருப்பதுதான் அதில் சங்கடம். ஹெல்ஃபயர் பாஸை ஆஸ்திரேலிய அரசு பராமரிக்கிறது. காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் அங்கே வேலை செய்து பிழைத்த கைதிகளின் குரலையே கேட்கலாம். பாறையில் ஓட்டை போட ஒருவன் உளியைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அப்படி அடித்து உடைந்த உளி ஒன்று இன்னும் பாறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. அதைத் தடவிப் பார்க்காமல் யாரும் வருவதில்லை போலிருக்கிறது, வழுவழுவென்று இருக்கிறது.

இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும் இரண்டு நண்பர்கள், செத்தவர்கள் மேல் செல்ஃபி எடுக்கும் கேவலம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செல்ஃபி எடுக்க வந்த கூட்டம் இல்லையென்றால் அந்தப் பாலத்தை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். தான்பியூசாயாட் பக்கம் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, பாதையைக் காடு மூடிவிட்டது. மரியாதையோடு வருகிறவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று காத்திருந்தால் எந்த நினைவிடமும் மிஞ்சாது.

வழிகாட்டியையும் குறை சொல்லமாட்டேன். வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் சுற்றுலாக்காரன் காட்டுவான். நாலு வெள்ளைக்காரர்கள் கேட்டதற்காக ஓர் ஆற்றின் பெயரையே மாற்றிய ஊர் அது. மலேசியாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருடம் முழுக்கத் தமிழர்கள் பேங்காக்குக்கும் பட்டாயாவுக்கும் போய்க்கொண்டே இருக்கிறோம். அதில் பத்தில் ஒருவர் காஞ்சனபுரிக்கு வண்டி பிடித்து, வாட் தாவோர்னில் பத்து நிமிடம் நிறுத்து என்று முன்பதிவு செய்யும்போதே சொன்னால், இரண்டு வருடத்தில் அது அட்டவணையில் அச்சாகும். பெட்டிஷன் எழுதுவதைவிட இது வேகமாக நடக்கும். போகிறவர்கள் பூ வாங்கிக்கொண்டு போங்கள், கல்லறை வாசலில் கிடைக்காது.

திரும்பும் வழியில் டச்சுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கள் ஆளைக் கண்டுபிடித்தீர்களா?" என்று கேட்டார். பட்டியலே கிடையாது என்றேன். "சரி, பெயர் என்ன? தேடிப் பார்க்கலாமே" என்று போனை எடுத்தார். வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. பாட்டி அவரை 'பெரியண்ணே' என்றுதான் சொல்வார். நாங்கள் கேட்டதே இல்லை.

ஊருக்கு வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன், தெரியாது என்றார். பெரியம்மாவுக்குத் தெரியாது. கூலிமில் இருக்கும் சின்னம்மாதான், "முனியாண்டியா மாரியாண்டியா, ரெண்டுல ஒண்ணுடா" என்றார்.